தருவது யார், வாங்குவது யார்? விசைகளைப் பிழையில்லாமல் அடையாளம் காணும் முறை

பிளஸ் ஒன் இயற்பியலில் விசைக் கணக்கு தப்பாகப் போனால், பெரும்பாலும் தப்பு சூத்திரத்தில் இருக்காது. அதற்கு முன்பே, படம் போடும்போதே நடந்து முடிந்திருக்கும். இல்லாத விசைக்கு ஒரு அம்புக்குறி போட்டிருப்பார்கள். இருக்கிற ஒன்றை விட்டிருப்பார்கள். அல்லது வேறொரு பொருள்மேல் படும் விசையைக் கொண்டுவந்து இந்தப் பொருள்மேல் வரைந்திருப்பார்கள். மூன்றையும் தடுக்க ஒரு கேள்வி போதும்: இந்த விசையைத் தருவது யார், வாங்குவது யார்? இரண்டு பெயரையும் சொல்ல முடியாத அம்புக்குறியைத் தயங்காமல் அழித்துவிடுங்கள்.

இந்தக் கேள்வி பழக்கத்தில் வர, கையால் சில சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும். ஆய்வகம் வேண்டாம். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று, சமையலறைத் தராசு ஒன்று, ஒரு செங்கல், சரடு, ஒரு மீட்டர் நீளப் பலகை, பக்கெட் இருந்தால் போதும். தொங்கு தராசு வாங்கும்போது எண்ணைத் தானே நிறுத்திவைக்கும் வசதியை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் உராய்வுச் சோதனைக்கு அது உதவாது. பழைய சுருள்வில் தராசே மேல்.

எடையிலிருந்து தொடங்கலாம்

வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். கேனின் சொந்தப் பங்கை விட்டுவிட்டால் அதன் நிறை 20 கிலோ. அதன் எடை என்பது வேறு: பூமி அதை இழுக்கும் விசை. தருவது பூமி, வாங்குவது கேன். சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78 என்பதால் எடை 20 × 9.78, அதாவது 195.6 நியூட்டன். பாடப்புத்தகத்தின் 9.8 உலகம் முழுமைக்குமான ஒரு வசதியான எண். துருவத்தில் அது 9.83 வரை போகும், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறையும். நாம் இருப்பது 13 டிகிரி வடக்கில்.

இதே கேனை நிலாவுக்குக் கொண்டுபோனால் எடை சுமார் 32 நியூட்டனாகக் குறையும். நிறை அதே 20 கிலோதான். அங்கே தூக்குவது சுலபம். ஆனால் வழுக்கி வரும் கேனைக் கைகொடுத்து நிறுத்த வேண்டுமானால், இங்கே எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவும் அங்கேயும் வேண்டும். நிறைக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் உறைக்கும்.

ஒரு நியூட்டன் எவ்வளவு என்று கைக்குத் தெரிந்திருப்பது நல்லது. டம்ளரில் 100 மில்லி தண்ணீர் ஊற்றினால், அந்தத் தண்ணீரின் எடை கிட்டத்தட்ட 1 நியூட்டன். கணக்கின் விடையாக "புத்தகத்தின் எடை 4,000 நியூட்டன்" என்று வந்தால் எங்கோ சறுக்கிவிட்டீர்கள் என்று இந்த அளவு உடனே சொல்லிவிடும்.

9.78 என்ற எண்ணை நம்பத்தான் வேண்டும் என்பதில்லை, அளந்தே பார்க்கலாம். ஊசல் வைத்து இதைச் சென்னையில் அளப்பது பழைய வேலை. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலின் நீளத்தை அளந்து, முடிவுகளை 1822-இல் வெளியிட்டார். உங்களுக்கு வேண்டியது ஒரு பூட்டும் சரடும்தான். கட்டிய இடத்திலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை சரியாக 1 மீட்டர் இருக்கட்டும். பத்து டிகிரிக்கு மேல் இழுத்துவிடாதீர்கள். போய்த் திரும்பி வருவது ஒன்று என்று 20 அலைவுகளுக்கு நேரம் பாருங்கள், 40.2 விநாடி வர வேண்டும். இதில் எல்லோரும் செய்யும் தப்பு, ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்குவது. அப்போது எண்ணியது 20, நடந்தது 19. முடுக்கம் 10.8 என்று வந்து நிற்கும். அழுத்தும்போது "சுழியம்" என்று சொல்லுங்கள்.

பொருளைச் சுற்றி விரலை ஓட்டுங்கள்

இனி படம் போடும் முறை. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு போடுங்கள். முதலில் எடைக்குக் கீழ்நோக்கி ஒரு அம்பு. தொடாமலே வேலை செய்வதால் அதைத் தனியாக நினைவில் வைத்துப் போட்டுவிட வேண்டும். பிறகு புள்ளிக்கோட்டின்மேல் விரலை ஒரு சுற்று ஓட்டுங்கள். வேறொரு பொருள் தொடும் இடம் வந்தால் நிறுத்துங்கள். அங்கே மட்டும்தான் மற்ற விசைகள் இருக்க முடியும். தொடுவது ஒரு பரப்பு என்றால் அது செங்குத்தாகத் தள்ளும், பரப்போடு ஒட்டி உராயவும் செய்யலாம். தொடுவது கயிறு என்றால் கயிற்றின் திசையிலேயே இழுக்கும். கயிறு ஒருநாளும் தள்ளாது. தொடுவது தண்ணீர் என்றால் மேல்நோக்கித் தள்ளும். விரல் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டால் படம் முடிந்தது. (காந்தமோ மின்னூட்டமோ பக்கத்தில் இருந்தால், எடையைப் போலவே அவற்றையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.)

சமையல் மேடைக் கருங்கல்மேல் நிற்கும் தண்ணீர் கேனுக்கு இப்படிச் செய்தால் இரண்டே அம்புகள்: பூமி தரும் 195.6 நியூட்டன் கீழே, மேடை தரும் 195.6 நியூட்டன் மேலே. "கல் எப்படித் தள்ளும்? அது சும்மாதானே இருக்கிறது?" என்ற சந்தேகம் நியாயமானது. அதே கேனை மெத்தைமேல் வையுங்கள். மெத்தை அமுங்குகிறது, அமுங்கிய அளவுக்கு எதிர்த்துத் தள்ளுகிறது. இரண்டு செங்கல்மேல் படுக்கவைத்த பலகையில் வையுங்கள். பலகை லேசாக வளையும். கருங்கல்லும் அமுங்கத்தான் செய்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாத அளவில். அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கவிடாமல் மறுப்பதுதான் இந்தத் தள்ளல்.

இயற்கையின் அடிப்படை விசைகள் நான்கு: ஈர்ப்பு, மின்காந்தம், அணுக்கருவுக்குள் வேலை செய்யும் வலிமையானது, வலிமை குன்றியது. மேடையின் தள்ளல், கயிற்றின் இழுவை, செருப்பின் உராய்வு எல்லாம் அடியில் மின்காந்த விசைதான். அணுக்கரு விசைகள் இரண்டும் நம் கணக்கில் வரவே வராது.

செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். கேனை மேலிருந்து 50 நியூட்டனால் அழுத்தினால் மேடை 245.6 தரும். அதே 50-ஆல் மேலே தூக்கிப் பிடித்தால் 145.6 மட்டும் தரும். தேவை எவ்வளவோ அவ்வளவு. எனவே அதை எழுதிவைத்துவிட்டுத் தொடங்கக் கூடாது, கடைசியில் கண்டுபிடிக்க வேண்டும்.

பக்கெட்டும் கல்லும்: மூன்றாம் விதியைக் கண்ணால் பார்ப்பது

மேடைமேல் நிற்கும் கேனின் எடையும், மேடை தரும் செங்குத்து விசையும் செயலும் எதிர்ச்செயலுமா? இல்லை. அளவில் சமம், திசையில் எதிர், ஆனால் இரண்டையும் வாங்குவது ஒரே கேன். எல்லா விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியின் இணையில் தருபவரும் வாங்குபவரும் இடம் மாறிக்கொள்வார்கள். பூமி கேனை இழுக்கிறது என்றால் அதன் இணை, கேன் பூமியை இழுப்பது. மேடை கேனைத் தள்ளுகிறது என்றால் அதன் இணை, கேன் மேடையைத் தள்ளுவது. ஒரே பொருளின் படத்தில் இணையின் இரண்டு பேரும் ஒருநாளும் வரமாட்டார்கள்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடுவது நல்லது. சமையலறைத் தராசின்மேல் சின்ன பக்கெட்டை வைத்து 3 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். தராசு 10 கிலோ தாங்குவதாக இருக்கட்டும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சுமார் 1 கிலோ எடையுள்ள கருங்கல் துண்டைச் சரட்டில் கட்டித் தொங்கு தராசில் மாட்டுங்கள். அது காட்டுவது 1.00 என்று வைத்துக்கொள்வோம். இப்போது கல்லை மெல்ல இறக்கித் தண்ணீரில் முழுவதும் மூழ்கவிடுங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது.

தொங்கு தராசு 0.63-க்கு இறங்கும். அதே நேரம் கீழே இருக்கும் தராசு 0.37 ஏறும். கருங்கல் தண்ணீரைப் போல 2.7 மடங்கு அடர்த்தி, எனவே 1 கிலோ கல் 0.37 லிட்டர் தண்ணீரை விலக்குகிறது. தண்ணீர் கல்லை 0.37 கிலோ எடையளவுக்கு மேலே தள்ளுகிறது. கல் தண்ணீரை அதே அளவுக்குக் கீழே தள்ளுகிறது. ஒரே விசையின் இரண்டு முனைகளை இரண்டு தராசுகள் தனித்தனியாகப் படிக்கின்றன. மேலே குறைந்ததும் கீழே கூடியதும் சமமாக வரும்வரை கல்லை இறக்கி ஏற்றிப் பாருங்கள். பாதி மூழ்கிய நிலையிலும் கணக்கு ஒத்துப்போகும்.

எண்கள் இப்படி வராவிட்டால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. கல் பக்கெட்டின் அடியில் லேசாக உட்கார்ந்திருக்கும். அப்போது கீழ்த்தராசும் மேல்தராசும் சமமாகவே மாறும், ஆனால் மாற்றம் 0.37-ஐத் தாண்டிவிடும். தண்ணீர் வெளியே வழிந்திருக்கும். கீழ்த்தராசு குறைவாகக் காட்டும். அல்லது தொங்கு தராசைப் பிடித்த கை ஆடியிருக்கும். கதவுக் கைப்பிடியிலோ இரண்டு நாற்காலிக்கு நடுவே போட்ட கம்பிலோ தராசை மாட்டிவிட்டால் கை ஆட்டம் போகும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தள்ளல் கொஞ்சம் கூடும்; விரலால் துடைத்துவிடுங்கள்.

தேர் எப்படி நகர்கிறது?

எல்லா விசைக்கும் சமமான எதிர்விசை உண்டென்றால் எதுவுமே நகரக் கூடாதே என்ற கேள்விக்கு மயிலாப்பூரில் விடை இருக்கிறது. பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் கபாலீசுவரர் தேர் மாட வீதிகளில் வருகிறது. கயிற்றின் நிறையைப் பெரிதாக எண்ணாவிட்டால், ஆட்கள் தேரை எவ்வளவு இழுக்கிறார்களோ, தேரும் ஆட்களை அவ்வளவே பின்னால் இழுக்கிறது. உண்மைதான். ஆனால் அந்த இரண்டு விசைகளை வாங்குவது இரண்டு வெவ்வேறு பேர்.

தேரைச் சுற்றிப் புள்ளிக்கோடு போடுங்கள். கயிறு முன்னால் இழுக்கிறது. சக்கரமும் தெருவும் அச்சும் சேர்ந்து பின்னால் தடுக்கின்றன. முதலாவது அதிகமானதும் தேர் கிளம்புகிறது. இப்போது தேரை விட்டுவிட்டு, இழுக்கும் ஆட்களைச் சுற்றி வேறு கோடு போடுங்கள். கயிறு அவர்களைப் பின்னால் இழுக்கிறது. தெரு அவர்கள் பாதத்தை முன்னால் தள்ளுகிறது. ஆம், அவர்களை நடத்துவது தெருவின் உராய்வுதான். பாதம் தெருவைப் பின்னால் தள்ளுகிறது, தெரு பாதத்தை முன்னால் தள்ளுகிறது.

இதிலிருந்து ஒரு பயனுள்ள கணக்கு. 60 கிலோ நிறையுள்ள ஒருவரின் பாதத்துக்கும் தெருவுக்கும் உராய்வுக் குணகம் (கிடைக்கக்கூடிய உச்ச உராய்வு செங்குத்து விசையில் எத்தனை பங்கு என்பது) 0.5 என்று கொண்டால், கயிறு கிடைமட்டமாக இருக்கும்போது அவர் தொடர்ந்து இழுக்கக்கூடிய உச்சம் 30 கிலோவின் எடை, அதாவது 293 நியூட்டன். அதற்குமேல் கையில் எவ்வளவு பலம் இருந்தாலும் கால் வழுக்கும், அவ்வளவுதான். நூறு பேர் சேர்ந்தால் 3 டன்னின் எடைக்குச் சமமான இழுவை.

திருப்பத்தில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் கவனியுங்கள். கட்டை அந்தச் சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறது. மற்றப் பக்கம் முன்னேறுகிறது. கட்டை போட்ட பக்கமாகத் தேர் திரும்புகிறது. சக்கரம் கட்டையை அதே விசையோடு முன்னால் தள்ளுவதால், கட்டை தெருவைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். கட்டை சறுக்கினால் தேர் திரும்பாது. எவ்வளவு பெரிய அனுபவம் இருந்தால் அந்தக் கட்டையைச் சரியான கணத்தில் வைத்து எடுக்க முடியும் என்பது, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

உராய்வை ஒரு செங்கல்லால் அளப்பது

செங்கல்லை எடை போடுங்கள். 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பலகையைத் தரையில் படுக்கவைத்து, செங்கல்லை அதன்மேல் வைத்து, சரடு கட்டித் தராசால் கிடைமட்டமாக மெல்ல இழுங்கள். தராசு 0.5 காட்டும், செங்கல் நகராது. 1.0 காட்டும், நகராது. நிலை உராய்வு கேட்டதை மட்டும் கொடுக்கிறது: நீங்கள் 1 கிலோவின் எடையளவு இழுத்தால் அதுவும் அவ்வளவே. கொடுக்க முடிந்த உச்சம் தாண்டியதும், உதாரணமாக 1.8-இல், செங்கல் வெடுக்கென்று கிளம்பும். சீரான வேகத்தில் இழுத்துக்கொண்டே போனால் தராசு 1.5-இல் நிற்கும். நிலை உராய்வுக் குணகம் 1.8-ஐ 3-ஆல் வகுத்தால் 0.6, இயக்க உராய்வுக் குணகம் 0.5. இரண்டும் கிலோ என்பதால் 9.78-ஆல் பெருக்க வேண்டிய வேலையே இல்லை.

நிலை உராய்வுக்கு எப்போதும் "குணகம் × செங்குத்து விசை" என்று எழுதுவது மதிப்பெண் பறிபோகும் முக்கியமான இடம். அந்தப் பெருக்கல் தருவது உச்சவரம்பை மட்டும். நகராத பொருளுக்கு உராய்வு எவ்வளவு என்றால், மற்ற விசைகளைச் சமன்செய்யத் தேவையான அளவு.

அளவீடு கெடுவது பெரும்பாலும் சரட்டின் சாய்வால். சரடு 30 டிகிரி மேல்நோக்கி இருந்தால், இழுப்பில் பாதி செங்கல்லைத் தூக்கவே போய்விடும். செங்குத்து விசை குறைந்து, உராய்வும் குறைந்து, குணகம் தப்பாக வரும். சரட்டைச் செங்கல்லின் கீழ்ப்பகுதியில் கட்டி, தராசையும் அதே உயரத்தில் பிடியுங்கள். சுருள்வில் தராசாக இருந்தால், படுக்கவைத்த நிலையில் முள் சுழியத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். தொங்கும்போது கொக்கியின் எடையும் சேர்த்துச் சுழியம் வைத்திருப்பார்கள்; படுக்கவைத்தால் அது விலகும். ஐந்து முறை இழுத்துச் சராசரி எடுங்கள்.

தராசே இல்லாமலும் சரிபார்க்கலாம். செங்கல்லைப் பலகைமேல் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். செங்கல் சறுக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, உயரத்தையும் தரையோடு ஒட்டிய அடிநீளத்தையும் அளந்து வகுங்கள். அதுதான் நிலை உராய்வுக் குணகம். 100 சென்டிமீட்டர் பலகையில் 51.4 சென்டிமீட்டர் உயரத்தில் சறுக்கினால் அடிநீளம் 85.8, விடை 0.6. பலகையின் நீளத்தாலேயே வகுத்து 0.51 என்று எழுதுவது வழக்கமான தப்பு. செங்கல்லை நிமிர்த்தி வைக்கவும் கூடாது: 9 அங்குல உயரத்துக்கு 3 அங்குல அடி இருந்தால், உயரத்தை அடிநீளத்தால் வகுத்தது 0.33 ஆகும்போதே கவிழ்ந்துவிடும், சறுக்கும் கோணம் வரவே வராது.

சாய்தளப் படத்தில் விரல் ஓட்டும் முறையை விடாமல் பின்பற்றுங்கள். செங்கல்மேல் இருப்பவை மூன்றுதான்: எடை, செங்குத்து விசை, உராய்வு. "சரிவில் கீழே இழுக்கும் விசை" என்று நான்காவதாக ஒன்றைப் போட்டால், தருவது யார் என்று கேளுங்கள். பூமி என்று பதில் வரும். பூமிக்கு ஏற்கெனவே ஒரு அம்பு போட்டாயிற்றே! மேலே சொன்ன சரிவில் எடை 29.3 நியூட்டனைச் சரிவோடு 15.1, சரிவுக்குச் செங்குத்தாக 25.1 என்று இரண்டாகப் பிரிக்கலாம். பிரித்த பிறகு மூல அம்பின்மேல் ஒரு கோடு கிழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே எடை இரண்டு முறை கணக்கில் ஏறும்.

பஸ்ஸில் பிரேக், பாலத்தில் வளைவு

மாநகரப் பேருந்தில் டிரைவர் பிரேக் போட்டதும் நிற்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள். முன்னால் தள்ளியது யார்? பெயர் சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் தள்ளவில்லை. 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மீட்டரில் வந்த பஸ் 4 விநாடியில் நின்றால், 50 கிலோ நபரையும் கூடவே நிறுத்த 125 நியூட்டன் விசை பின்னோக்கி வேண்டும். தளம் அதைப் பாதத்துக்குத் தருகிறது. தோளுக்குத் தர யாருமில்லை, எனவே தோள் பழைய வேகத்திலேயே போகிறது. கம்பியைப் பிடித்தால் அந்தக் குறையைக் கம்பி தீர்க்கிறது.

கத்திப்பாரா மேம்பாலத்தின் சுற்றுப்பாதையில் பஸ் வளையும்போது வெளிப்பக்கம் தள்ளுவதாகத் தோன்றுவதும் இதே கதைதான். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அதே 10 மீட்டர் வேகம் என்றால், 50 கிலோ நபருக்கு உள்நோக்கி 100 நியூட்டன் வேண்டும். தருவது சீட்டின் உராய்வு, போதாவிட்டால் பக்கத்துத் தகடு. அதை மையநோக்கு விசை என்கிறோம். அது தனி விசையின் பெயரல்ல, வேலையின் பெயர். படத்தில் உராய்வையும் போட்டு மையநோக்கு விசையையும் போட்டால் ஒருவருக்கே இரண்டு சம்பளம் கொடுத்த கதையாகும். மையவிலக்கு விசை பஸ்ஸோடு சேர்ந்து சுழல்பவரின் கணக்கில் மட்டும் வரும் போலி விசை. சாலையோரம் நிற்பவரின் கணக்கில் அதற்கு இடமில்லை. இரண்டு கணக்கையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள்.

பைக்குக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மட்டமான சாலையில் 20 மீட்டர் ஆர வளைவு, காய்ந்த தார், குணகம் 0.8 என்றால் தாங்கும் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். மழை பெய்து குணகம் 0.4 ஆகிவிட்டால் 32. ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் மணல் படிந்த இடத்தில் அதற்கும் கீழே. கணக்கில் நிறை அடிபட்டுப் போவதால், பின்னால் ஆள் உட்கார்ந்தால் பிடிமானம் கூடும் என்று நம்பிவிடக் கூடாது. வளைவுக்குள் பிரேக்கும் போட்டால் இருக்கிற உராய்வை இரண்டு வேலைக்குப் பங்குபோட வேண்டியிருக்கும். எனவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள்.

லிப்டில் ஒரு எடை மெஷின்

முள் வைத்த எடை மெஷினை அடுக்குமாடி லிப்டுக்குள் கொண்டுபோங்கள். டிஜிட்டல் மெஷின் எண்ணைப் பிடித்து நிறுத்திவிடுவதால் இதற்கு ஆகாது. ஏறி நிற்கும் 60 கிலோ நபர்மேல் விரலை ஓட்டினால் இரண்டே விசைகள்: பூமி கீழே, மெஷின் மேலே. லிப்ட் மேல்நோக்கி 1 மீட்டர் முடுக்கத்தில் கிளம்பினால், மேலே தருவது கீழே தருவதைவிட 60 × 1 = 60 நியூட்டன் அதிகமாக இருந்தாக வேண்டும். முள் 66-க்குத் தாவும். சீரான வேகம் வந்ததும் 60-க்குத் திரும்பிவிடும். மேலே போய்க்கொண்டிருந்தாலும் 60தான், ஏனென்றால் விசை கேட்பது வேகம் அல்ல, வேகத்தின் மாற்றம். மேல்தளம் நெருங்கி லிப்ட் வேகம் குறையும்போது முள் 54-க்கு இறங்கும்.

அந்த 54-இல் நிறுத்தி யோசியுங்கள். லிப்ட் இன்னும் மேலேதான் போகிறது, ஆனால் முடுக்கம் கீழ்நோக்கி. பூமி எப்போதும் போல 587 நியூட்டனே தருகிறது. குறைந்தது மெஷின் தருவது. முள் படிப்பது உங்கள் எடையை அல்ல, உங்கள் பாதத்தை அது தள்ளும் அளவை. அதே லிப்டில் கீழே இறங்கும்போது முள் எந்தெந்தக் கணத்தில் 54 காட்டும், எந்தக் கணத்தில் 66 காட்டும் என்று ஏறும் முன்பே தாளில் எழுதிக்கொண்டு, பிறகு பொத்தானை அழுத்துங்கள்.